மெமரி லீக்கைக் கண்டுபிடிக்காமல் காலம் தள்ளுவது எப்படி?

சர்வர் துவங்கும்போதே துவங்கி, யார் கண்ணிலும் படாமல், ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது பின்னணி சர்வீஸ். அதற்குத் திரை கிடையாது, பட்டன் கிடையாது, பாராட்டும் கிடையாது. லாக் ஃபைலை டேட்டாபேஸுக்குத் தள்ளும். வரிசையில் காத்திருக்கும் மெயில்களை அனுப்பும். இன்னொரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசாரிக்கும். அதை எழுதியவர் அதற்குள் இரண்டு கம்பெனி மாறிப் போயிருப்பார். அப்படிப்பட்ட ஒன்றின் மெமரி நாளுக்கு நாள் ஏறுகிறது என்று மானிட்டரிங்கிலிருந்து மெயில் வந்து, அது உங்கள் பெயரில் டிக்கெட்டாகவும் மாறிவிட்டதா? இந்தக் கையேடு உங்களுக்குத்தான். இதில் உள்ள முறைகள் எல்லாமே பல அலுவலகங்களில் பல காலமாகக் கையாளப்பட்டவை. ஒன்றுகூட லீக்கைச் சரி செய்ததில்லை என்பது இவற்றின் தனிச்சிறப்பு.

வைத்தியத்துக்கு முன் நோயைப் பற்றி நாலு வரி. புரோகிராம் ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் மெமரி கேட்டு வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். ஒரே ஒரு இடத்தில் தராமல் விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரிக்வெஸ்டுக்கு வெறும் 200 பைட், கொஞ்சம் நீளமான ஒரு ஃபைல் முகவரி பிடிக்கும் இடம். நொடிக்கு 50 ரிக்வெஸ்ட். ஒரு நாளுக்கு 86,400 நொடி. பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு 864 எம்பி. 8 ஜிபி ரேம் உள்ள சர்வர் பத்து நாள் முழுசாகத் தாங்காது. இதே தப்பை ஒரு நிமிடத்தில் முடியும் புரோகிராமில் செய்திருந்தால் கேட்க நாதியில்லை; முடிந்த புரோகிராமின் மெமரி முழுவதையும் ஆபரேட்டிங் சிஸ்டம் வழித்து எடுத்துக்கொள்ளும். சர்வீஸுக்குத்தான் முடிவே இல்லையே. சாகாமல் இருப்பதுதான் அதன் குற்றம்.

அது லீக்கே இல்லை என்று சொல்லுங்கள்

மறுப்பதற்கான ஆதாரத்தை லினக்ஸே தருகிறது. சர்வரில் ‘ஃப்ரீ’ என்று கமாண்ட் அடித்தால், காலி மெமரி என்ற பத்தியில் எப்போதும் பரிதாபமான ஒரு எண்தான் இருக்கும். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் சும்மா விடுவதில்லை. படித்த ஃபைல்களையெல்லாம் அதில் கேஷாக வைத்துக்கொள்கிறது. யாராவது இடம் கேட்டால் காலி செய்து கொடுக்கிறது. உண்மையில் பார்க்க வேண்டியது கடைசிப் பத்தியில் இருக்கும் ‘அவைலபிள்’ எண்.

இதை ஒருமுறை தெரிந்துகொண்டவரை அதன்பின் யாராலும் அசைக்க முடியாது. எந்தப் புகார் வந்தாலும் அவரிடம் பதில் தயார்.

“சார், அது கேஷ் சார். லினக்ஸ்ல அப்படித்தான் காட்டும்.”

“அப்ப ஒண்ணும் பண்ண வேணாமா?”

“வேணாம் சார்.”

புகார் சர்வரைப் பற்றியதல்ல, அதில் ஓடும் ஒரு குறிப்பிட்ட பிராசஸைப் பற்றியது என்பதை இந்த உரையாடலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனித்துவிட்டால் அடுத்த அரணுக்குப் பின்வாங்குங்கள்: எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். ‘டாப்’ கமாண்டில் ஒரே பிராசஸுக்கு விர்ட் என்று ஒன்று, ரெஸ் என்று ஒன்று, ஷேர்டு என்று ஒன்று. விர்ட் என்பது புரோகிராம் பேருக்கு ஒதுக்கி வைத்திருக்கும் முகவரிப் பரப்பு மட்டுமே. ரேமில் அவ்வளவும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 64-பிட் லினக்ஸில் கிலிப்சி நூலகம் த்ரெட்டுகளுக்கென்று தனித்தனி அரினா போடும்போது ஒவ்வொன்றுக்கும் 64 எம்பி முகவரியை வளைத்துப்போடும். கோர் எண்ணிக்கையின் எட்டு மடங்கு வரை இப்படி அரினாக்கள் முளைக்கலாம். ஆகவே விர்ட் எண்ணைப் பார்த்துப் பதறுகிறவரைச் சிரித்து அனுப்பிவிடலாம். ரெஸ் எண்ணைக் காட்டுகிறவரிடம், “அதுல ஷேர்டு லைப்ரரியும் சேர்ந்திருக்குமே” என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான். உண்மைகளை மட்டுமே சொல்லி ஒரு மாதத்தை ஓட்ட முடிவது இந்தத் துறையில்தான்.

யாராவது ‘புரோக்’ அடைவுக்குள் நுழைந்து, அந்தப் பிராசஸின் ‘எஸ்மேப்ஸ் ரோலப்’ என்ற ஃபைலைத் திறந்து, அதில் ‘அனானிமஸ்’ என்ற வரியைப் படித்துவிட்டால் மட்டும் விளையாட்டு முடிந்தது. ஃபைல், லைப்ரரி, கேஷ் எதிலும் சேராமல் அந்தப் பிராசஸ் தானாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கும் மெமரி அந்த வரியில் இருக்கிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அதைக் குறித்துவைத்தால் ஏறுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். நல்லவேளையாக அந்த ஃபைலின் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

கிராஃபைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்

மீட்டிங்கில் கிராஃபைக் காட்டச் சொன்னால் கடைசி 15 நிமிடத்தைக் காட்டுங்கள். நாளுக்கு 864 எம்பி கசியும் சர்வீஸ் 15 நிமிடத்தில் 9 எம்பிதான் ஏறியிருக்கும். 8 ஜிபி உயரமுள்ள அச்சில் அந்த ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. கோடு தட்டையாக, சமர்த்தாக இருக்கும்.

ஒரு மாதத்துக்கு விரித்துக் காட்டச் சொன்னாலும் கவலை வேண்டாம். வாராவாரம் டிப்ளாய்மென்ட் நடக்கும் அலுவலகமாக இருந்தால் கோடு ஏறும், செவ்வாய்க்கிழமை விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். ரம்பப் பல் மாதிரி வரும் இந்தக் கோட்டைப் பார்த்து “பாருங்க சார், தானா குறையுது” என்று சொல்ல வேண்டும். அது தானாகக் குறையவில்லை, புது வெர்ஷன் ஏற்றும்போது சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகிறது என்பது செவ்வாய்க்கிழமை வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் அந்த மீட்டிங்குக்கு அழைக்கப்படுவதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி டிசம்பர். ஆண்டு இறுதி விற்பனையும் விடுமுறையும் முடியும்வரை புதுக் கோட் எதையும் ஏற்றக் கூடாது என்று பல இடங்களில் தடை போடுவார்கள். சர்வீஸ் முதல் தடவையாக மூன்று வாரம் தொடர்ந்து ஓடும். வருடம் முழுவதும் செவ்வாய்க்கிழமைகள் மூடி மறைத்தது புத்தாண்டு வாக்கில், ஊருக்குப் போகாமல் ஆஃபீஸில் மாட்டிக்கொண்ட ஜூனியரின் தலையில் விடியும். அந்த ஜூனியர் நீங்களாக இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம். லீவுக்கு அக்டோபரிலேயே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

ரீஸ்டார்ட் என்னும் ராஜவைத்தியம்

மறுக்கவும் முடியாத, மறைக்கவும் முடியாத நிலை வந்தால் கிரானில் ஒரு வரி எழுதுங்கள்: தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு சர்வீஸை நிறுத்தித் துவக்கு. வேலை முடிந்தது. யாராவது கேவலமாகப் பார்த்தால் தலை குனிய வேண்டாம். இந்த வைத்தியத்துக்குப் பெரிய பெரிய இடங்களில் வம்சாவளி உண்டு.

அப்பாச்சி வெப் சர்வரில், ஒரு சைல்டு பிராசஸ் இத்தனை கனெக்‌ஷனுக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடாது என்று வரம்பு வைக்க ஒரு செட்டிங் இருக்கிறது. தவறுதலாகக் கசியும் மெமரிக்கு இது அணை என்று அதன் ஆவணமே ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது. பிஎச்பி-எஃப்பிஎம், கனிகார்ன் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடு உண்டு. எத்தனையோ வெப்சைட்டுகள் இந்த அணைக்குப் பின்னால்தான் நிம்மதியாகத் தூங்குகின்றன.

இன்னும் உயரமான சாட்சி வேண்டுமா? 2015-ல் அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ, போயிங் 787 விமானங்களுக்கு ஒரு உத்தரவு போட்டது: தொடர்ந்து 248 நாள் மின்சாரம் அணைக்காமல் வைத்திருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நேரத்தில் கைவிடலாம்; அதற்கு முன்பாக அணைத்துப் போடுங்கள். 2017-ல் ஐரோப்பாவின் ஈயாசா, ஏர்பஸ் ஏ350 ரகத்தில் சில விமானங்களுக்கு 149 மணி நேரக் கெடு விதித்தது. 787-ல் நடந்தது மெமரி லீக் அல்ல, உள்ளே ஓடும் ஒரு எண்ணி நிரம்பி வழிந்த கதை. ஆனால் மருந்து அதேதான். விமானத்தையே அணைத்துப் போடலாம் என்றால் உங்கள் மெயில் அனுப்பும் சர்வீஸ் எந்த மூலைக்கு?

இந்தத் துறையில் 1995 வாக்கிலிருந்து சுற்றிவரும் ஏவுகணைக் கதை ஒன்றும் உண்டு. ஏவுகணையின் மென்பொருளில் லீக் இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினாராம். தெரியும் என்றார்களாம். அதிகபட்சம் எவ்வளவு நேரம் பறக்கும், அதற்குள் எவ்வளவு கசியும் என்று கணக்குப்போட்டு, அதைப்போல இரண்டு மடங்கு மெமரி வைத்துவிட்டார்களாம். இலக்கில் மோதியதும் எல்லா மெமரியும் ஒரேயடியாக விடுதலை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்தக் குழுவுக்குத் தன் லீக் எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. கிரானில் மூன்று மணி என்று எழுதுகிற நமக்கு அதுகூடத் தெரியாது. நாலு மணி என்று எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் முழிப்போம்.

ரீஸ்டார்ட் வைத்தியத்தின் பெரிய பலம், அது தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது என்பதுதான். கசிந்த மெமரி அத்தனையும் குற்றம் நடந்த இடத்தின் முழுப் படம். எது கசிந்தது என்பதற்கான சாட்சி அதற்குள்ளேயே கோடிக்கணக்கில் குவிந்து கிடக்கிறது. மூன்று மணிக்கு அத்தனையும் துடைத்துச் சுத்தம். காலை ஒன்பதரைக்கு நீங்கள் வந்து பார்க்கும்போது சர்வீஸ் குளித்துமுழுகிப் பச்சைக் குழந்தையாக உட்கார்ந்திருக்கும்.

கொலையை வேறொருவர் வீட்டு வாசலில் போடுவது

கிரான் வரி எழுத அனுமதி கிடைக்கவில்லையா? விட்டுவிடுங்கள், லினக்ஸ் கெர்னலே பார்த்துக்கொள்ளும். மெமரி அறவே தீர்ந்தால் ஓஓஎம் கில்லர் என்ற பகுதி எழுந்து ஒரு பிராசஸைக் கொல்லும். யாரைக் கொல்வது என்பதற்கு அது போடும் மதிப்பெண்ணில் முக்கியப் பங்கு மெமரி அளவுக்கு. பெரிய ஆள்தான் முதலில் போவார்.

இங்கேதான் வாய்ப்பு. ஒரே சர்வரில் உங்கள் கசியும் சர்வீஸ் 3 ஜிபி, ஒழுக்கமாக வேலை செய்யும் டேட்டாபேஸ் 4 ஜிபி என்று இருந்தால், சாவது டேட்டாபேஸ். கெர்னல் லாகில் அதன் பெயர்தான் வரும். டிக்கெட் டேட்டாபேஸ் டீமுக்குப் போகும். அவர்கள் ஒரு வாரம் குவெரிகளை ஆராய்ந்து, இண்டெக்ஸ் போட்டு, மன்னிப்பும் கேட்பார்கள். போதாதென்றால், ஒவ்வொரு பிராசஸுக்கும் மைனஸ் 1000 முதல் பிளஸ் 1000 வரை ஒரு சலுகை எண் கொடுக்கலாம். மைனஸ் 1000 வாங்கிய பிராசஸைக் கில்லர் தொடவே தொடாது. அதை உங்கள் சர்வீஸுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் எல்லோரும் செத்தபிறகும் அது கசிந்துகொண்டிருக்கும்.

சிஸ்டம்டி கோப்பில் ‘மெமரிமேக்ஸ்’ என்று ஒரு வரி எழுதி உச்சவரம்பு கட்டினால், வரம்பைத் தாண்டும் சர்வீஸ் மட்டும் சாகும், மற்றவர்கள் பிழைப்பார்கள். தவறு செய்தவரே தண்டனை அனுபவிக்கும் இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

வால்கிரைண்டை ஓட்டிவிட்டேன் என்று சொல்வது

என்றாவது ஒருநாள் வெளியூரிலிருந்து கெட்டிக்காரர் ஒருவர் மீட்டிங்கில் சேர்ந்துகொண்டு, “வால்கிரைண்ட் ஓட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்பார். பார்த்துவிடுங்கள். சி, சி++ புரோகிராம்களில் மெமரித் தவறுகளைப் பிடிக்க ஜூலியன் ஸீவர்ட் எழுதி 2002 முதல் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றிய கருவி அது. உங்களையும் காப்பாற்றும், வேறு விதமாக.

முதலாவது, வால்கிரைண்டுக்குள் ஓடும் புரோகிராம் இருபது முப்பது மடங்கு மெதுவாகும். ஒரு நொடிக்குள் பதில் வராவிட்டால் ‘செத்துவிட்டது’ என்று தீர்மானிக்கும் ஹெல்த் செக் உங்கள் சர்வீஸை இருபதாவது நொடியில் கொன்றுவிடும். இரண்டாவது, லீக் பட்டியலை அது புரோகிராம் முடியும்போதுதான் வெளியிடும். சர்வீஸ் முடிவதில்லை. முடித்தே தீர வேண்டும் என்று ‘கில் மைனஸ் 9’ கொடுத்தால் பட்டியலும் சேர்ந்து சாகும். ஆக, பல மணி நேரம் ஓட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். (ஓடும்போதே பட்டியல் கேட்க வழியுண்டு. அதைச் சொல்லிக்கொடுத்தால் கையேட்டின் நோக்கம் கெடும்.)

ஒருவேளை ஒழுங்காக ஓடி, ஒழுங்காக முடிந்து, பட்டியலும் வந்துவிட்டால்? அப்போதுதான் உங்களுக்கு உண்மையான அதிர்ஷ்டம். பட்டியலில் ‘நிச்சயமாகத் தொலைந்தது’ என்ற தலைப்பின் கீழ் பூஜ்யம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டிக்கெட்டில் ஒட்டி மூடிவிடலாம்.

பூஜ்யம் எப்படி வரும்? வால்கிரைண்டும் அதன் தம்பியான லீக்சானிடைசரும் தேடுவது அநாதையான மெமரியை: வாங்கிய மெமரிக்கு எந்த பாயின்டரும் மிஞ்சாமல், திருப்பித் தர நினைத்தாலும் முகவரி தெரியாத நிலை. ஆனால் வருடக்கணக்கில் ஓடும் சர்வீஸ்களில் பெரும்பாலான கசிவு அந்த ஜாதியே அல்ல. எல்லா முகவரியும் பத்திரமாக இருக்கும். லாகின் செய்தவர்களைக் குறித்துவைக்கும் ஒரு மேப். வந்தவர்களைச் சேர்க்க ஒரு வரி உண்டு, போனவர்களை நீக்க வரி இல்லை. ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்டால் சட்டென்று சொல்ல ஒரு கேஷ். உச்சவரம்பு இல்லை, காலாவதியும் இல்லை. மானிட்டரிங்குக்காக ஒவ்வொரு பயனர் எண்ணையும் லேபிளாக ஒட்டி அனுப்பும் மெட்ரிக்; புதுப் பயனர் வரவர நினைவில் ஒரு புது வரிசை முளைக்கும், லீக்கைக் கண்காணிக்க வைத்த கோடே லீக்காகும். வால்கிரைண்ட் இவற்றையெல்லாம் ‘இன்னும் எட்டும் தூரத்தில் உள்ளது’ என்ற தலைப்பின் கீழ், பட்டியலின் கடைசியில், குற்றமாக எண்ணாமல் போட்டுவைக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை.

ஜாவாவிலும் பைத்தானிலும் கோ மொழியிலும் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறது, ஆகவே லீக் வராது என்று நம்புகிறவர்களும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். யாருக்கும் வேண்டாததைத்தான் கலெக்டர் அள்ளும். ஒரு ஸ்டாட்டிக் மேப் ‘வேண்டும்’ என்று பிடித்துக்கொண்டிருப்பதை அதனால் தொட முடியாது. அந்தப் பிடி தேவைதானா என்று தீர்மானிக்க கோட் எழுதியவர் வர வேண்டும். அவர்தான் இரண்டு கம்பெனி மாறிப் போய்விட்டாரே.

பந்தி முடிந்தும் எழுந்திராதவர்

நியாயமான ஒரு சாக்கையும் சொல்லிவிடுகிறேன். நேர்மையாகவே தப்பிக்க ஆசைப்படுபவர்களுக்கு இது உதவும். சில சமயம் சர்வீஸ் எல்லா மெமரியையும் ஒழுங்காகத் திருப்பித் தந்திருக்கும், ரெஸ் எண் மட்டும் இறங்காது. புரோகிராம் திருப்பித் தருவது கெர்னலிடம் அல்ல, நடுவில் இருக்கும் மாலாக் என்ற நிர்வாகியிடம். சின்னச் சின்னத் துண்டுகளை மாலாக் ஒரே நீளத் திண்ணையாக வைத்திருக்கிறது. வழக்கமாக அதன் கடைசிப் பகுதி காலியாக இருந்தால்தான் கெர்னலுக்கு விட்டுக்கொடுக்கும். கல்யாணப் பந்தியில் தொண்ணூற்றொன்பது பேர் கை கழுவப் போயாயிற்று, வரிசையின் கடைசி இலையில் ஒரு பெரியவர் மட்டும் பாயசத்தை நிதானமாக வழித்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுந்திருக்கும்வரை பாயைச் சுருட்ட முடியாது. காலை நெரிசலில் வாங்கிய 2 ஜிபிக்குக் கடைசியில் உட்கார்ந்த ஒரு 40 பைட் துண்டு, நாள் முழுக்க அத்தனையையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இது லீக் அல்ல, துண்டாடல். சோதிக்க எளிய வழி உண்டு: ஜிடிபி மூலம் ஓடும் சர்வீஸுக்குள் நுழைந்து ‘மாலாக் ட்ரிம்’ என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். நடுவில் காலியாகக் கிடக்கும் பக்கங்களையும் அது கெர்னலிடம் ஒப்படைக்கும். ரெஸ் எண் சரேலென்று பாதியாக விழுந்தால் உங்கள் கோட் நிரபராதி. அரினா எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தோ, கிலிப்சிக்குப் பதில் ஜேமாலாக் போட்டோ சரிக்கட்டலாம். சரிக்கட்டியபின் “லீக்கை ஃபிக்ஸ் பண்ணிட்டேன்” என்று மெயில் அனுப்புங்கள். விழவில்லை என்றால், இந்தச் சோதனையைச் செய்ததையே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் யாராவது “பேசாம ரஸ்ட்ல எழுதிடலாம்” என்பார்கள். தாராளமாக ஆமோதியுங்கள், ஒரு வருடம் கிடைக்கும். ரஸ்ட் மொழி மெமரிப் பாதுகாப்புக்கு உறுதி தருகிறதே தவிர, லீக் வராது என்று எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒன்றையொன்று சுட்டும் இரண்டு ‘ஆர்சி’ பாயின்டர்கள் ரஸ்டிலும் அமைதியாகக் கசியும். நீக்க வரி இல்லாத மேப் எந்த மொழியிலும் நீக்க வரி இல்லாத மேப்தான்.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதவை

ஓடும் சர்வீஸிலிருந்து இப்போது ஒரு ஹீப் படம், ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கவே கூடாது. பைத்தானில் ட்ரேஸ்மாலாக், கோவில் பிபிராஃப், ஜாவாவில் ஹீப் டம்ப், சி++க்கு ஹீப்ட்ராக் அல்லது இபிபிஎஃப் வழி வேலை செய்யும் மெம்லீக் என்று ஒவ்வொரு மொழிக்கும் இதற்கு ஆள் இருக்கிறது. முதல் படத்தை மட்டும் எடுத்தால் ஆபத்தில்லை. பெரிதாக இருப்பது எது என்றுதான் தெரியும், பெரிதாக இருப்பதெல்லாம் குற்றவாளி அல்ல. இரண்டாவது படத்தை எடுத்தால், வளர்ந்தது எது என்று தெரிந்துவிடும்; பெரும்பாலும் எந்த வரியில் வாங்கியது என்பதும் ஸ்டேக் ட்ரேஸோடு வந்து நிற்கும். சாப்பாட்டு இடைவேளைக்குள் விஷயம் முடிந்துவிடும். ஒரு மாத மீட்டிங்குகள் வீண்.

கருவி எதுவும் இல்லாத சர்வர்தானே என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-ல் ஏழைக்கேற்ற வழி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்: நன்றாகக் கசிய விட்டு, பிறகு மெமரியைத் திறந்து கண்போன போக்கில் ஓரிடத்தைப் பாருங்கள். 8 ஜிபியில் 7 ஜிபி கசிந்தது என்றால், கைவைத்த இடத்தில் கிடைப்பது கசிந்த பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லினக்ஸில் இதை ‘ஜிகோர்’ மூலம் ஒரு கோர் ஃபைல் எடுத்து, ‘ஸ்ட்ரிங்ஸ்’ மூலம் அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்து, எது அதிகம் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிச் செய்வார்கள். “கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது” என்ற ஒரே வாக்கியம் முப்பது லட்சம் தடவை வந்தால் அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? கூடவே வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளும் அந்த ஃபைலில் வரிசையாக இருக்கும் என்பதால், செக்யூரிட்டி டீமை ஏவிவிட்டு இந்த முயற்சியைத் தடுத்துவிடலாம்.

இன்னொரு கெட்ட பழக்கம், மெமரிக் கோட்டையும் டிராஃபிக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்ப்பது. இரவில் ரிக்வெஸ்ட் குறையும்போது ஏற்றமும் குறைந்தால், ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் கசிகிறது. டிராஃபிக் எப்படிப் போனாலும் இரவு பகல் பாராமல் ஒரே சரிவில் ஏறினால், டைமர் வைத்து ஓடும் ஏதோ ஒன்று: ஹார்ட்பீட், லாக் அனுப்புவது, அறுந்த கனெக்‌ஷனை மறுபடி முயற்சிப்பது. இந்தக் கடைசி ஆசாமிமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒழுங்காக வேலை நடக்கும் பாதையில் லீக் இருந்தால் டெஸ்டிங்கிலேயே யாராவது பிடித்துவிடுவார்கள். தோல்வியடையும் பாதையில் யாரும் நடந்து பார்ப்பதில்லை. ‘எரர் வந்தால் லாக் எழுதிவிட்டுத் திரும்பு’ என்ற வரிக்கு மேலே வாங்கிய பஃபர் அங்கேயே கிடக்கும்.

2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் வட வர்ஜீனியா டேட்டா சென்டர்களில் நடந்தது இதுதான். ஈபிஎஸ் என்ற சேமிப்புச் சேவையின் ஒவ்வொரு சர்வரிலும், புள்ளிவிவரங்களைச் சேகரித்து அனுப்பும் ஒரு சின்ன ஏஜென்ட் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வாரம், அதனிடமிருந்து தகவல் வாங்கும் சர்வர்களில் ஒன்று பழுதானது; மாற்றினார்கள். புது முகவரி உள் டிஎன்எஸ் சர்வர்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே சில சேமிப்பு சர்வர்களில் இருந்த ஏஜென்ட் செத்துப்போன முகவரியை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் மெமரி கசிந்தது. புள்ளிவிவரம் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை என்று வடிவமைத்திருந்ததால் அலாரம் அடிக்கவில்லை. மொத்த மெமரியைக் கண்காணித்தார்கள், ஆனால் சேமிப்பு வேலையே மெமரியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததால் இந்தக் கசிவு அதற்குள் மறைந்துபோனது. திங்கள் காலை சேமிப்பு சர்வர்கள் மெமரி கிடைக்காமல் திணறத் தொடங்கின. ரெட்டிட் உட்படப் பல தளங்கள் விழுந்தன. சேமிப்புக்கும் அந்த ஏஜென்டுக்கும் வேலையில் ஒரு சம்பந்தமும் இல்லை, ஒரே ரேமைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதைத் தவிர. அமேசான் காரணத்தைக் கண்டுபிடித்து விலாவாரியாக வெளியிட்டதும் உண்டு. அந்த அளவுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை.

தப்பித்தவறிக் கண்டுபிடித்துவிட்டால்

இத்தனை எச்சரிக்கையையும் மீறி லீக் கிடைத்துவிட்டது. மேப்பிலிருந்து நீக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தீர்கள். ரெஸ் கோடு மூன்று நாளாக அசையவில்லை. இப்போது விடியற்காலை மூன்று மணி கிரான் வரி எதற்கு என்று கை பரபரக்கும். அவசரப்படாதீர்கள்.

அந்த ரீஸ்டார்ட்டை நம்பி இத்தனை வருடத்தில் யார் யார் குடும்பம் நடத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சர்வீஸ் தன் டிஎல்எஸ் சர்டிஃபிகேட்டைத் துவங்கும்போது மட்டும்தான் படிக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் 90 நாளுக்குத் தந்ததை வேறொரு ஸ்கிரிப்ட் அறுபதாவது நாளில் புதுப்பித்து டிஸ்கில் வைத்துவிடுகிறது. தினசரி ரீஸ்டார்ட் இருந்தவரை அது தானாகக் கண்ணில் பட்டது. இனி சர்வீஸ் பழைய சர்டிஃபிகேட்டையே கையில் வைத்துக்கொண்டு அது காலாவதியாகும் நாள்வரை ஆனந்தமாக ஓடும். லாக் ஃபைலின் கதையும் அதுதான்: லாக்ரொட்டேட் பழைய ஃபைலை அழித்துவிடும், சர்வீஸ் அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கும், அடைவில் பெயரே இல்லாத ஃபைல் டிஸ்கை நிரப்பும். ரீஸ்டார்ட் ஆனால்தான் பிடி விடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியதும் மூன்று மணிக்குத்தான் அதற்குத் தெரியவந்தது என்பதைப் போன மாதம் பாஸ்வேர்டை மாற்றியவரே அறிய மாட்டார்.

ஆகவே கிரான் வரியை அழிக்க வேண்டாம். முன்னால் ஒரு ஹாஷ் குறி மட்டும் போட்டு, பக்கத்தில் தேதியும் டிக்கெட் எண்ணும் எழுதிவிட்டு, அடுத்த மூன்று மாதத்துக்கு ஆன்-கால் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வாரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.